மேலே, கீழே, மட்டம்: குமுளியில் ஒரு பிரெஞ்சு வகுப்பு

குமுளியில் சாலை ஒரு மட்டத்தில் இருக்கும், வீடு இன்னொரு மட்டத்தில் இருக்கும். நானும் என் கணவரும் நடத்தும் நான்கு அறை விடுதியும் அப்படித்தான்: சாலையோர வாசலில் நுழைந்தால் வரவேற்பறையும் சமையற்கட்டும், அங்கிருந்து சரிவில் 22 படி இறங்கினால் ஏலத்தோட்டத்தைப் பார்த்தபடி அறைகள். சென்ற ஆண்டு டிசம்பரில், முழங்கால் வலியுள்ள பிரெஞ்சு மூதாட்டி ஒருவர் தொலைபேசியில் அழைத்து 'ரே த ஷோசே'யில் அறை உண்டா என்று கேட்டார். அதற்குத் தரைத்தளம் என்று பொருள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் அறை தரைத்தளம்தானே என்று எண்ணி, உண்டு என்று சொல்லிவிட்டேன். அவர் வந்திறங்கிய அன்று முதற்படியில் நின்று கீழே எட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, படிக்குப் படி இரண்டு கால்களையும் ஊன்றி இறங்கினார். இரண்டு இரவுக்குப் பதிவு செய்திருந்தவர் ஓர் இரவிலேயே புறப்பட்டுவிட்டார்.

இந்த வகுப்பில் நான் சேர்ந்ததற்கு அதுவே காரணம். இடத்தையும் உயரத்தையும் மட்டத்தையும் குறிக்கும் அன்றாடப் பிரெஞ்சுச் சொற்களை மட்டும் எட்டு வாரம் நடத்துகிறார்கள். சனியும் ஞாயிறும் மாலையில் ஒன்றரை மணி நேரம், கட்டணம் 4,500 ரூபாய். தமிழ்நாட்டுப் பேருந்து நிலையத்திலிருந்து சாவடியைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால் வரும் ஒரு வீட்டின் மொட்டைமாடிக் கொட்டகைதான் வகுப்பறை. நடத்துபவர் கேரளக் கடற்கரையிலுள்ள மாஹியில் பிறந்து, புதுச்சேரியில் நெடுங்காலம் பிரெஞ்சு கற்பித்து ஓய்வு பெற்ற அம்மையார். தம் பெயரையும் முகவரியையும் இணையத்தில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. எங்கள் பிரிவில் ஒன்பது பேர். ஜீப் ஓட்டுநர்கள் இருவர், ஆயுர்வேத நிலையத்தில் பணிபுரியும் பெண்கள் மூவர், மசாலாக் கடைப் பையன்கள் இருவர், கம்பத்திலிருந்து மலையேறி வரும் கல்லூரி மாணவி ஒருத்தி, பிறகு நான். பாதிப்பேர் தமிழ், பாதிப்பேர் மலையாளம். எல்லோருக்கும் அவர் 'டீச்சர்'.

முதல் நாள் பிரெஞ்சில் ஒரு சொல்கூட அவர் சொல்லவில்லை. கம்பத்து மாணவியிடம், "வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தாய்?" என்று கேட்டார். "மேலே போயிட்டு வர்றேன்னு சொன்னேன், டீச்சர்" என்றாள் அவள். கம்பம் பள்ளத்தாக்கில் குமுளிக்குப் போவதை யாரும் வேறு மாதிரி சொல்வதில்லை. தமிழனுக்கு மலை மேற்கே இருப்பதால் 'மேல்' மேற்காயிற்று, கடல் கிழக்கே இருப்பதால் 'கீழ்' கிழக்காயிற்று என்று விளக்கிய அவர், மாஹியில் கிழக்கே பார்த்தால் மலைதான் நிற்கிறது, ஆனாலும் மலையாளியாகிய தாம் அந்தத் திசையைக் 'கிழக்கு' என்றே சொல்வதாகக் கூறிச் சிரித்தார். கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். அதன் பிறகுதான் பிரெஞ்சுக்காரர்கள் பாரிசுக்குப் போவதை 'மோந்த்தே', அதாவது ஏறுதல் என்றும், நாட்டின் தெற்குப் பகுதிக்குப் போவதை 'தெசாந்த்ர்', இறங்குதல் என்றும் சொல்லும் வழக்கத்துக்கு வந்தார். பாரிஸ் மலைமேல் இல்லை. ஆனாலும் ஏறித்தான் போகிறார்கள். மேல், கீழ் என்பவை அளவுகோலால் அளந்து சொல்லப்படுபவை அல்ல, பேசுகிறவன் எங்கே நின்று பேசுகிறான் என்பதைக் கொண்டு அமைபவை என்ற கருத்து இந்த ஒரு மணி நேரத்தில் எங்களுக்குப் பதிந்துவிட்டது. மொழி வகுப்புகளில் இவ்வளவு நல்ல தொடக்கத்தை நான் கண்டதில்லை.

என் 'ரே த ஷோசே' கதையை இரண்டாம் வாரம் சொன்னேன். 'ஷோசே' என்றால் சாலை. 'ரே' என்பது மழித்தது போல ஒட்டிய, சமமான என்று பொருள்தரும் பழைய சொல். ஆகவே 'ரே த ஷோசே' என்பது மண்ணைத் தொடும் தளம் அன்று, சாலையோடு சமமாக இருக்கும் தளம். எங்கள் விடுதியில் அந்தப் பெயருக்கு உரியது வரவேற்பறைதான். அறைகள் இருக்கும் கீழ்த்தளத்துக்குப் பிரெஞ்சில் வேறு பெயர் உண்டு: 'ரே த ஜார்தான்', தோட்டத்தோடு சமமான தளம். மலைச்சரிவு வீடுகளுக்கென்றே அளந்து தைத்த சொல்லாக இருக்கிறது. குமுளி முதல் வண்டிப்பெரியாறு வரையுள்ள விடுதிக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எண்ணிப் பார்த்தேன். முழங்கால் வலிக்காரர்கள் உண்மையில் தேடுவது 'தெ ப்ளான் பியே' என்பதை. வாசலிலிருந்து படுக்கை வரை ஒரு படிகூட இல்லாமல் ஒரே மட்டமாக இருக்கும் அமைப்பு அது. மாடிக் கணக்கு மட்டும் தொல்லை தரவில்லை. நம்மைப் போலவே அவர்களும் தரைத்தளத்தை எண்ணாமல் அதற்கு மேலுள்ளதையே முதல் மாடி என்கிறார்கள்.

மூன்றாம் வாரத்தில் வந்தது 'இல்' உருபு. தமிழில் மழையில், வெயிலில், நிழலில், மூடுபனியில் என்று நான்கிலும் ஒரே உருபைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். பிரெஞ்சிலோ மழைக்கு 'சு லா ப்ளுயி', அதாவது மழையின் கீழ். வெயிலுக்கு 'ஓ சொலேய்', நிழலுக்கு 'ஆ லோம்ப்ர்', இவ்விரண்டிலும் 'ஆ' என்ற முன்னிடைச்சொல். மூடுபனிக்கு 'தான் லெ ப்ரூயார்', பனியின் உள்ளே. தேக்கடியில் ஒரே நாளில் இந்த நான்கும் வந்து போகும் என்பதால் பயிற்சிக்குப் பஞ்சமில்லை. தெருவுக்கும் சாலைக்கும்கூட வேறுபாடு உண்டு: தெருவின் 'உள்ளே', சாலையின் 'மேல்'. மரத்திலுள்ள குரங்கு மரத்தின் 'உள்ளே' இருக்கிறது. கிளைகளும் இலைகளும் சூழ்ந்த இடமாக மரத்தைப் பார்க்கிறார்கள் என்று டீச்சர் சொன்ன பிறகு அது விசித்திரமாகத் தோன்றவில்லை.

'மேல்' என்பதற்கு அவர்களிடம் இரண்டு சொற்கள்: தொட்டுக்கொண்டிருந்தால் 'ஸ்யுர்', தொடாமல் உயரத்தில் இருந்தால் 'ஓ தெஸ்யு தெ'. இதை விளக்க டீச்சர் கரும்பலகையில் மேசையும் விளக்கும் வரைந்துகொண்டிருந்தபோது, ஜீப் ஓட்டுநர்களில் மூத்தவர் குறுக்கிட்டார்: "தலை மேல தொப்பி, தலைக்கு மேல ஃபேன். அவ்வளவுதானே டீச்சர்?" கொட்டகை ஒரு கணம் அமைதியானது. நான்காம் வேற்றுமை உருபு வந்தால் தொடவில்லை, வராவிட்டால் தொடுகிறது; பிறந்தது முதல் நாம் பிழையில்லாமல் செய்துவரும் வேறுபாட்டை எந்த இலக்கண நூலும் எனக்குச் சுட்டிக்காட்டியதில்லை. டீச்சர் வரைந்ததை அழித்துவிட்டு அவர் சொன்னதையே எழுதினார். தமக்குத் தெரியாததை மாணவரிடமிருந்து தயக்கமின்றி எடுத்துக்கொள்ளும் இந்தக் குணம்தான் வகுப்பின் பெரிய பலம் என்று நினைக்கிறேன்.

சிக்கலான சொற்களில் 'லா பா' முதலிடம் பெறும். எழுத்துப்படி அது 'அங்கே கீழே'. வழக்கில் தொலைவிலுள்ள எந்த இடத்துக்கும் 'அங்கே' என்று பொருள்படுகிறது. புல்மேட்டின் உச்சியில் நிற்கும் காட்டெருமையைக் காட்டிக்கூட 'லா பா' என்பார்கள். அதைச் சொல்லுக்குச் சொல் புரிந்துகொண்டு பள்ளத்தில் தேடிய அனுபவத்தை இளைய ஓட்டுநர் சொன்னார். உயரம் என்பதையே அழுத்திச் சொல்ல வேண்டுமானால் 'லா ஓ' என்ற தனித்தொடர் இருக்கிறது.

ஐந்தாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வகுப்பை ஏரிக்கரைக்கு மாற்றினார்கள். 1895இல் பயன்பாட்டுக்கு வந்த முல்லைப்பெரியாறு அணையின் நீர் தேங்கிக் காட்டை மூழ்கடித்ததால் உண்டானதே தேக்கடி ஏரி என்பதும், அன்று மூழ்கிய மரங்களின் பட்ட அடிமரங்கள் இன்றும் நீரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன என்பதும் இவ்வூரில் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனால் அந்த மரங்களை ஒவ்வொன்றாகக் காட்டி டீச்சர் நடத்திய பாடம் புதிது. நீருக்கு மேல் நன்றாக உயர்ந்து நிற்பது ஒன்று. பாதி உயரம் மூழ்கியது ஒன்று. நுனி மட்டும் நீர்ப்பரப்போடு ஒட்டி, அலை வரும்போது மறைந்தும் விலகும்போது தெரிந்தும் இருப்பது இன்னொன்று. அந்த மூன்றாவதற்குப் பிரெஞ்சில் 'ஆ ஃப்ளர் தோ' என்று பெயர். 'ஃப்ளர்' என்றால் பூ என்று படித்திருந்த நாங்கள் விழித்தோம். இத்தொடரில் அது மேற்பரப்பைக் குறிக்கிறது என்றார். சட்டென்று உணர்ச்சிவசப்படுபவரின் நரம்புகள் 'தோலோடு ஒட்டி' இருப்பதாக அதே தொடரைக்கொண்டு சொல்வார்களாம். விளிம்பு வரை தளும்பத் தளும்ப நிறைந்த தேநீர்க் குவளைக்கு 'ஆ ரா போர்'. அந்த 'ரா'வும் 'ரே த ஷோசே'யில் வந்த 'ரே'யும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்று அறிந்தபோது, தொலைபேசியில் நான் செய்த தவறு இன்னொரு முறை குத்தியது.

கரையில் உட்கார்ந்தபடியே அன்றைய நாளிதழிலிருந்து அணையின் நீர்மட்டத்தைப் படிக்கச் சொன்னார். உச்ச நீதிமன்றம் 2014இல் 142 அடி வரை தேக்க அனுமதித்ததிலிருந்து அந்த எண் இரு மாநிலத்தாருக்கும் மனப்பாடம். மட்டம் ஏறியது, மட்டம் இறங்கியது, 142 அடிக்குக் கீழே, 142 அடிக்கு மேலே என்று வாக்கியங்கள் அமைத்தோம். மட்டம் ஏறினால் கம்பத்தில் மகிழ்ச்சி, வண்டிப்பெரியாற்றில் கவலை என்பதால் வகுப்பின் இரு பாதிகளும் ஒரே பிரெஞ்சு வாக்கியத்தை இருவேறு முகபாவத்துடன் சொன்னார்கள்.

மட்டம் என்பதற்குப் பிரெஞ்சில் 'நிவோ'. அடுத்த வகுப்பில் டீச்சர், கீழ்வீட்டில் பூச்சுவேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் ரசமட்டத்தை இரவல் வாங்கி வந்து மேசைமேல் வைத்தார். மஞ்சள் நீருக்குள் காற்றுக்குமிழி ஒரு பக்கமாக ஓடி ஒதுங்கியது; மேசைக்காலின் கீழ் ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டைச் செருகியதும் குமிழி நடுக்கோடுகளுக்கு இடையே வந்து நின்றது. 'நிவோ ஆ ப்யுல்', குமிழி மட்டம். நாம் ரசத்தைச் சொல்கிறோம், அவர்கள் குமிழியைச் சொல்கிறார்கள். தமிழில் 'மட்டம்' என்ற சொல் சமநிலையையும் குறிக்கும், தரக்குறைவையும் குறிக்கும். 'நிவோ'வுக்கு அந்த இரண்டாம் பொருள் கிடையாது. 'மட்டமான சரக்கு' என்பதை அப்படியே பெயர்க்க முயன்ற மசாலாக் கடைப் பையன், டீச்சர் திருத்தியபோது இதைக் கற்றுக்கொண்டான்.

'ஓ நிவோ தெ' என்ற தொடரைப் பற்றி அவர் தந்த எச்சரிக்கை எனக்கு மிகவும் பயன்பட்டது. தோளின் மட்டத்தில், இடுப்பின் மட்டத்தில் என்று உண்மையான இடத்தைச் சொல்லும்போது அது சரியானது. ஆயுர்வேதப் பெண்கள் வலி எங்கே என்று கேட்பதற்கு அதைவிட நல்ல தொடர் இல்லை. இன்னும் கொஞ்சம் மேலே, கொஞ்சம் இடப்பக்கம், முதுகின் கீழ்ப்பகுதி என்று ஒரு வகுப்பு முழுவதையும் அவர்களே நடத்திவிட்டார்கள். ஆனால் 'விலை மட்டத்தில்', 'சாப்பாட்டு மட்டத்தில்' என்று எதற்கெடுத்தாலும் அதைச் செருகுவது பிரெஞ்சுக்காரர்களிடையே மிகப் பரவலாக இருந்தாலும், பிரெஞ்சு அகாதெமி அதைக் கண்டிக்கிறது. நாம் 'லெவல்' என்ற சொல்லைப் படுத்தும் பாட்டை நினைத்துக்கொண்டேன். 'அந்த லெவலுக்கு இல்லை' என்பதற்கு அவர்களிடம் உயரத்தைக் கொண்ட தொடர் இருக்கிறது: 'ஆ லா ஓத்தர்', எதிர்பார்த்த உயரத்துக்கு எட்டியிருத்தல்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். வகுப்பில் தரும் அச்சுப்பிரதிகள் பிரெஞ்சை வெறும் தமிழ் எழுத்தில் தருகின்றன. மலையாளிகளுக்கு மலையாள எழுத்தில் தனிப்பிரதி. முதல் பிரதியில் மேலே என்பதற்கும் கீழே என்பதற்கும் 'தெசு' என்ற ஒரே எழுத்துக்கூட்டலை அச்சிட்டிருக்கிறார்கள். எதிரெதிர்ப் பொருளுடைய இரண்டு சொற்களைக் கற்பிக்க வந்த பிரதியில் இரண்டும் ஒன்றாகவே இருப்பதை மூன்று வாரம் யாரும் கவனிக்கவில்லை. கீழே என்பது 'உ'கரத்தில் முடிகிறது. மேலே என்பது நமக்கும் மலையாளத்துக்கும் இல்லாத ஓர் ஒலியில் முடிகிறது. உதட்டை 'ஊ'வுக்குக் குவித்து வைத்துக்கொண்டு நாக்கை மட்டும் 'ஈ'யின் இடத்துக்குக் கொண்டுபோனால் அது வரும். நான் இங்கே 'தெஸ்யு' என்று எழுதுவது வேறுபடுத்திக் காட்டவே தவிர, அப்படியே வாசித்தால் சரியாக வராது. நேரில் கேட்டபோது டீச்சர் தந்த விளக்கம் அழகாக இருந்தது: "தெசுவைப் 'பசு'வைப் போல முடியுங்கள், 'காசு'வைப் போல முடிக்காதீர்கள், மற்றதைச் சீட்டியடிக்கப் போவதுபோல உதட்டை வைத்துச் சொல்லுங்கள்." முற்றியலுகரத்தையும் குற்றியலுகரத்தையும் பள்ளியில் படித்தபோது இப்படி ஒரு பயன் உண்டென்று யார் நினைத்தார்கள்! இவ்வளவு நல்ல விளக்கம் பிரதியில் இல்லை என்பதே என் புகார். அலங்கோலமாகக் கிடப்பதைக் குறிக்கும் 'சான் தெஸ்யு தெசு' என்ற தொடரில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன; அதை முதல் வாரமே நாப்பயிற்சியாகத் தந்திருக்கலாம், ஏழாம் வாரத்தில் தந்தார்கள்.

ஒலிப்பதிவுகள் தருவதாகச் சேரும்போது சொன்னார்கள். எட்டு வாரத்தில் வந்தவை நான்கு, அவற்றிலும் ஒன்றில் மழைச் சத்தமே ஓங்கிக் கேட்கிறது. தகரக் கொட்டகை என்பதால் ஜூன், ஜூலை மாதங்களில் வகுப்பு எப்படி நடக்கும் என்பது எனக்குப் புரியவில்லை. வாசிக்கவும் எழுதவும் நேரமே ஒதுக்கப்படாததால், விடுதிக்கு மின்னஞ்சலில் வரும் கேள்விகளுக்கு விடை எழுத இவ்வகுப்பு உதவாது.

பிரெஞ்சே தெரியாதவர்கள் இதில் நேரடியாகச் சேர வேண்டாம் என்பேன். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட ஆறு மொழித்திறன் படிநிலைகளில் முதலாவதான ஏ1 அளவுக்காவது எண்களும் எளிய வினைச்சொற்களும் தெரிந்திருந்தால்தான் இதன் ருசி தெரியும். கடைப் பையன்களில் ஒருவன் அந்த அடிப்படை இல்லாமல் வந்து நான்காம் வாரம் நின்றுவிட்டான். சான்றிதழ் வேண்டுவோருக்கும் இது பொருந்தாது; அவர்கள் திருவனந்தபுரத்தில் உள்ள அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற இடத்தில் முறையாகப் படித்து டெல்ஃப் தேர்வு எழுதுவதே சரி. விருந்தினரிடம் வழி சொல்லவும், அறையைப் பற்றிச் சொல்லவும், மிருகத்தைக் காட்டவும், வலியைக் கேட்கவும் தொழில்முறையில் தேவைப்படுபவர்கள் கொடுக்கும் 4,500 ரூபாய் வீணாகாது. கைப்பேசிச் செயலி ஒன்றில் ஆறு மாதம் இதே சொற்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். பூனை மேசைமேல் இருக்கிறது என்பதைத் தாண்டி அது என்னை எங்கும் கொண்டுபோகவில்லை.

வகுப்பு முடிந்த இரண்டாவது வாரம் லியோன் நகரிலிருந்து ஓர் அம்மையார் அழைத்தார். தம் கணவருக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை நடந்திருப்பதாகவும், அறை 'தெ ப்ளான் பியே' அமைப்பில் உள்ளதா என்றும் கேட்டார். இல்லை, 'ரே த ஜார்தான்', சாலையிலிருந்து 'வான்த் தெ மார்ஷ்', 22 படி இறங்க வேண்டும் என்று தடுமாறாமல் சொன்னேன். மறுமுனையில் சற்று அமைதி. பிறகு, இவ்வளவு தெளிவாகச் சொன்னதற்கு இரண்டு முறை நன்றி கூறிவிட்டு, வேறு விடுதி பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.